சால்வைக்காரியின் பாட்டு

சச்சிதானந்தன் அங்கிள் மட்டும் அன்றைக்கு அந்தப் பிறந்தநாளுக்கு வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவர் வராத பிறந்தநாள் மெல்பேர்னில் எங்கே நடந்திருக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்! ஓய்வு பெற்ற எஞ்சினியர். பாலம் கட்டினவருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதா என்பது அவருடைய எண்ணம். கட்லட்டைக் கடித்தபடி, மேசைக்கு அடியில் தனியாக இருந்து பலூன் உருட்டிக்கொண்டிருந்த வினுஷாவைக் குனிந்து பார்த்தார்.

“இன்னும் கதைக்கேல்லையோ? எத்தினை வயசு?”

“ரண்டரை, அங்கிள்,” என்றாள் தாய் சிவாஜினி.

“வீட்டிலை என்ன பாஷை?”

“தமிழ்தான்.”

“அதுதான் பிழை. வீட்டிலை ஒண்டு, வெளியிலை ஒண்டு, பிள்ளை குழம்பிப்போச்சு. இனி இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ. ஆறு மாசத்திலை பாருங்கோ, வாயை மூடடி எண்டு நீங்களே சொல்லுவியள்.”

சிவாஜினிக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் புருசன் கஜீவன் வேதவாக்குக் கேட்டவன் போலத் தலையை ஆட்டினான். ரோவிலில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே, காருக்குள்ளேயே, சட்டம் அமுலுக்கு வந்துவிட்டது. “இனி வீட்டிலை தமிழ் இல்லை, சிவா. பிள்ளைக்காண்டி.”

பிள்ளைக்காண்டி என்று சொன்னால் தாய்க்காரி என்னத்தைத்தான் மறுப்பாள்?

சிவாஜினி முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறவள். அங்கே வேண்டிய இங்கிலீஷ் அவளிடம் தாராளமாக இருந்தது. சூடு, கவனம், முடிஞ்சுது, பின்னாலை வாறன், அவ்வளவுதானே தேவை. ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு அவளிடம் இங்கிலீஷ் இல்லை. ஏசுவதற்கும் இல்லை. வேலையால் வந்து அலுப்பில் சும்மா புறுபுறுப்பதற்கும் இல்லை. ஈட், கம், ஷூஸ், ஸ்லீப் என்று நாலே நாலு சொல்லோடு ஒரு பிள்ளையை வளர்க்கத் தொடங்கினாள். அவள் வைத்த செல்லப்பெயர் ஒன்று இருந்தது, புழுக்கொடியல் என்று. குறைமாதத்தில், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு மாதிரி ஒல்லியாக, சுருண்டுபோய்ப் பிறந்த பிள்ளை அது. அந்தப் பெயரையும் விழுங்கிவிட்டாள்.

ஊரிலிருந்து போன் வந்தால் புருசனும் பெண்சாதியும் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தமிழ் கதைத்தார்கள், ஒளித்துச் சிகரெட் பத்துகிற பெடியள் மாதிரி. வீட்டுக்குள் பிரிட்ஜின் இரைச்சல் மட்டும் கேட்டது.

ஆறு மாதம் போனது. ஒரு வருடம் போனது. வினுஷா வாய் திறக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து பேச்சுப் பயிற்சிக்காரி ஒருத்தியிடம் இடம் கிடைத்தது. சின்னப் பெட்டை, ஆனால் விசயம் தெரிந்தவள். “உங்களுக்கு எந்தப் பாஷை வாயிலை நல்லா வருமோ அதிலையே வீட்டிலை கதையுங்கோ” என்ற மாதிரித் தெளிவாகச் சொன்னாள். சிவாஜினிக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கஜீவனோ காருக்குள் ஏறியதும், “இவை அப்பிடித்தான் சொல்லுவினம். மற்றாக்களின்ரை கலாசாரத்தை மதிக்கோணும் எண்டு இவைக்குச் சட்டம் இருக்கெல்லோ” என்றான்.

விசர்க்கதை! ஆனால் அந்த விசர்க்கதைக்கும் அவள் ஓம் என்றாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அந்தப் படம் எப்போது வீட்டுக்குள் வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யூடியூப் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தானே போட்டுக்கொண்டு போகும்தானே, அப்படித்தான் பிள்ளையின் ஐபாட்டில் வந்திருக்க வேண்டும். ரஷ்யக் கார்ட்டூன், பதினொரு நிமிடம். பழைய படம், தேத்தண்ணி ஊற்றின கடதாசி மாதிரி நிறமெல்லாம் மங்கியிருந்தது. வெள்ளை மரங்கள் நிறைந்த காட்டுக்குள் முயல் ஒன்று மேளம் அடிக்கும், முள்ளெலி பிடில் வாசிக்கும். நடுவில் ஒரு மரவீடு, யன்னலில் ஒரு சின்னப் பெட்டை. வெளியே, சாம்பல் நிறச் சால்வையால் முகத்தையும் மூடிக்கொண்டு ஒரு நெடுத்த பொம்பிளை நின்று பாடுவாள். வாய் தெரியாது. பாடும்போது சால்வை மட்டும் உள்ளுக்கும் வெளியுமாக அசையும். அவள் ஒரு பாட்டுப் பாட, பெட்டை ஒரு மறுமொழி பாடும். இப்படி மூன்று தரம்.

என்ன வடிவான மெட்டு என்றுதான் சிவாஜினியும் முதலில் நினைத்தாள்.

பிள்ளைக்கு ஐந்து வயதான வருடம், மே மாதத்தில் ஒருநாள், அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது முன்னறைச் செற்றிக் கதிரையில் இருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய, சுத்தமான, சொல் சொல்லாக நிறுத்திப் பாடுகிற குரல். படம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். படத்தில் பெட்டையின் வாய் மூடியிருந்தது. பாடினது வினுஷா.

ஐயோ, அந்தத் தாயின் சந்தோசத்தைக் கேட்கவேண்டுமா! கத்தி ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம். கஜீவன் போனில் படம் எடுத்து உலகத்துக்கே அனுப்பினான். “பாத்தியளே, நான் சொன்னனான்” என்று சச்சிதானந்தன் அங்கிளும் எழுதினார். பிள்ளை பாடினது ரஷ்யன் என்பது அவருக்குக் கணக்கில்லை.

ஆனால் சந்தோசம் மூன்று கிழமைக்கு மேல் நிற்கவில்லை. பிள்ளை தாயோடு பாடவில்லை. சால்வைக்காரி முதல் பாட்டை முடித்தால் மட்டும் மறுமொழி பாடியது. பாடும்போது படத்தைப் பார்க்கவில்லை. பின்வளவுக்குத் திறக்கிற, உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையின் கதவைத்தான் பார்த்தது. யூன் மாதம் இரண்டாம் மறுமொழியும் வாயில் வந்தது. அதற்குள் படம் பன்னிரண்டு நிமிடமாகியிருந்தது.

சிவாஜினி மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். வெள்ளை மரங்களின் பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கியது, பின்வேலிக்கு அப்பால் நிற்கிற யூகலிப்ரஸ் மரத்தில் தொங்குகிற மாதிரியே. மரவீடு செங்கல் வீடாகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால், காட்டுக்கு நடுவில், குடை விரித்த மாதிரி ஒரு உடுப்புக் காயப்போடுகிற இரும்புக் கொடி, அவளுடைய பின்வளவில் இருக்கிற அதே கொடி, நின்றது. ரஷ்யக் காட்டுக்குள் இந்தக் கொடிக்கு என்ன வேலை? கஜீவனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“அப்டேட் பண்ணியிருப்பாங்கள்,” என்றான் கஜீவன்.

அடுத்த வியாழக்கிழமை தெரு முழுக்க இன்டர்நெட் இல்லை. படம் ஓடியது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகும்போது ஐபாட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். குசினியில் அவளோடு வேலை செய்கிற ரைசா, கசகஸ்தானில் பிறந்து வளர்ந்த ரஷ்யக்காரி. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, பேரப்பிள்ளை நாலு. இரண்டு பேரும் உடைந்த இங்கிலீஷில்தான் கதைப்பார்கள். இரண்டு பேருக்கும் அது போதும். பத்து மணித் தேத்தண்ணிக்கு இருந்தபோது சிவாஜினி படத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

“கார்ட்டூனா? நான் பாக்காத கார்ட்டூன் இல்லை,” என்று ரைசா சிரித்துக்கொண்டு காதில் மாட்டினாள்.

இரண்டு நிமிடத்தில் சிரிப்பு நின்றது. பிறகு தேத்தண்ணியும் ஆறியது.

“இதை நான் பாத்ததில்லை,” என்றாள். “இந்த மரம் எங்கடை மரம் இல்லை.”

“என்ன பாடுறாள்?”

ரைசா விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். இந்த வீட்டில் ஒருத்தரும் கதைப்பதில்லை. தாயின் நூலும் கதையாது, தகப்பனின் கோடரியும் கதையாது. கதைக்காத வீடு என்ரை வீடு, கதைக்காத பிள்ளை என்ரை பிள்ளை. எனக்கு மூன்று மறுமொழி சொல்லு, நான்தான் உன்ரை தாய்.

“மூண்டாவது சொன்னால்?”

“சால்வைக்குள்ளை போகும்.” ரைசா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “இன்னுமொண்டு பாடுறாள். தனக்குச் சொந்தமாக் குரல் இல்லையாம். காட்டிலை ஆர் வாய் திறந்தாலும் அந்தக் குரலை எடுத்துப் போட்டுக்கொள்ளுவாளாம். இப்ப பாடுறது செத்துப்போன ஒரு பாட்டுக்காரியின்ரை குரலாம்.” காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். “சிவா, உன்ரை வீட்டிலை ஆக்கள் கதைக்கிறேல்லையோ?”

சிவாஜினி ஐபாட்டைக் கவிழ்த்து வைத்தாள். கராஜ் கதையைச் சொன்னாள். ரைசா அவளை ஒரு விசரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

“வீட்டை போ. போய்க் கதை. உன்ரை பாஷையிலை கதை. தாய் கதைக்கிற வீட்டுக்கு அவள் கிட்டவும் வரேலாது.”

அன்றைக்கே அவள் கதைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் மூன்று வருடம் பூட்டின வாய் லேசில் திறக்குமா? பிள்ளையைக் கண்டதும் ‘கம்’ என்றுதான் வந்தது. புருசனுக்கும் ஒரு சொல் சொல்லிப்போட்டுத் தொடங்குவம் என்று நினைத்தாள். அவன் மாலை வேலை முடிந்து வர எட்டு மணியாகும். அதுவரைக்கும் ஐபாட்டை அலுமாரிக்குமேல், சூட்கேசுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

அரிசியைப் போட்டாள். கத்தரிக்காய் பொரித்தாள். அடுப்புக்கு மேலே இருந்த காற்றாடி பெரிய இரைச்சலோடு ஓடியது. ஐந்தே கால் மணிக்கு அதை நிறுத்தினாள். குளிர்காலம், வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பிரிட்ஜின் சத்தம்கூட இல்லை.

செற்றியில் பிள்ளை இல்லை.

லோன்றியில் இருந்து குளிர்காற்று காலில் பட்டது. ஓடினாள். பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குமேல் ஐபாட் இருந்தது. ஆர் எடுத்துக்கொண்டுவந்து வைத்ததோ! சார்ச் இறங்கிக் கறுத்துக் கிடந்தது. ஆனால் பாட்டு கேட்டது. வளவுக்குள் இருந்து கேட்டது.

வினுஷா ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்றாள். அவளுக்கு முன்னால் கொடி. கொடியில் சாம்பல் நிறமாக நீளமாக ஏதோ தொங்கியது. பெட்சீற்றை எடுக்க மறந்துபோனேனாக்கும் என்று சிவாஜினியின் மனம் ஒரு கணம் பொய் சொல்லிப் பார்த்தது. மழையென்று அந்தக் கிழமை முழுக்க அவள் ஒன்றுமே காயப்போடவில்லை. அதோடு காற்றும் இல்லை. துணியின் நடுவில் ஒரு இடம் மட்டும் உள்ளுக்கும் வெளியுமாக அசைந்தது.

இரண்டு மறுமொழி முடிந்திருந்தது. மூன்றாம் பாட்டு கடைசி அடிக்கு வந்துகொண்டிருந்தது. பிள்ளை மூச்சை இழுத்தது.

“கம்!” என்று கத்தினாள் சிவாஜினி. பிள்ளை திரும்பவே இல்லை. ஏன் திரும்பும்? அந்தச் சொல்லில் தாய் எங்கே இருந்தாள்?

அப்போதுதான் வாய்ப்பூட்டு உடைந்தது.

“எங்கையடி போறாய்! வெறுங்காலோடை ஈரத்துக்கை நிண்டு சளி பிடிச்சால் ஆர் பாக்கிறது? உள்ளுக்கு வாடி! கத்தரிக்காய் பொரிச்சு வைச்சிருக்கிறன், ஆறப்போகுது. உன்ரை கொப்பருக்கு மூளை இல்லை, எனக்கும் இல்லை, அந்த அங்கிளின்ரை வாயிலை மண் விழ! பாலம் கட்டின மனுசனாம் பாலம்! மூண்டு வருசமா உன்னோடை ஒரு கதை கதைக்கேல்லை நான், என்ரை செல்லம், ஒரு கதை சொல்லேல்லை, ஒரு ஏச்சு ஏசேல்லை...”

வந்ததெல்லாம் சொன்னாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் நிறுத்தவில்லை. பாட்டு நின்றுவிட்டது. துணி அசையாமல் தொங்கியது. வினுஷா மெல்லத் திரும்பி, மழையைப் பார்க்கிற மாதிரித் தாயின் வாயைப் பார்த்தாள்.

தப்பிச்சம் என்று நினைத்து, ஒரு மூச்சு எடுப்பதற்காகச் சிவாஜினி வாயை மூடினாள்.

“எங்கையடி போறாய்.”

கொடியில் இருந்து வந்தது அது. அவளுடைய குரல். அவளுடைய தொண்டை அடைப்புக்கூட இருந்தது.

“உள்ளுக்கு வாடி. கத்தரிக்காய் பொரிச்சு வைச்சிருக்கிறன். என்ரை செல்லம்.”

ஒரு சொல்லும் பிசகவில்லை. ஆனால் கோபம் மட்டும் இல்லை. தாலாட்டுகிற மாதிரி, ஆறுதலாக, மெட்டோடு வந்தது. பிள்ளையின் முகம் மறுபடி அந்தப் பக்கம் போனது.

“நான்தானடி அம்மா! அங்கை பாக்காதை!” என்று கத்தினாள் சிவாஜினி.

“நான்தானடி. அங்கை பாக்காதை,” என்றது கொடி.

பிள்ளை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. பாவம், இரண்டு தாய். ஒருத்தி படியில் நின்று பேய் பிடித்தவள் மாதிரிக் கத்துகிறாள், மற்றவள் மெத்தென்று கூப்பிடுகிறாள். நீங்களென்றால் எந்தப் பக்கம் போவீர்கள்? பிள்ளை கொடியின் பக்கம் ஒரு அடி வைத்தது.

சொந்தக் குரல் இல்லை, வாய் திறந்தால் எடுத்துக்கொள்ளுவாள் என்று ரைசா சொன்னது அப்போதுதான் சிவாஜினிக்கு உறைத்தது. கதை கதை என்று சொன்னவளும் இதை யோசிக்கவில்லை, கேட்டவளும் யோசிக்கவில்லை. நான்தான் இவ்வளவு நேரமும் சால்வைக்காரிக்குத் தமிழ் படிப்பித்திருக்கிறேன்! கடவுளே என்று சொல்ல வந்ததையும் பல்லால் கடித்து நிறுத்தினாள். படியால் இறங்கி ஓடி, சேற்றில் முழங்காலில் விழுந்து, பிள்ளையைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். சால்வை ஒரு கை எட்டும் தூரத்தில் தொங்கியது. பழைய கிணற்றுத் தண்ணீர் மணம் வந்தது. அவள் பிள்ளையின் காதோடு வாயை ஒட்டவைத்து, மூச்சுக் காற்றிலும் மெல்லியதாய், அந்த ஒரேயொரு சொல்லைச் சொன்னாள்.

“புழுக்கொடியல்.”

பிள்ளையின் உடம்பு அப்படியே நின்றது. பிறகு தோள் இளகியது. தாயின் கைக்குள்ளேயே திரும்பி, அவளுடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

“அம்மா,” என்றது. சத்தமாக, வளவெல்லாம் கேட்க.

இந்த ஒரு சொல்லுக்காக அவள் கந்தனுக்கு வைத்த நேர்த்திக்கடன் எத்தனை, அழுத அழுகை எத்தனை! வந்துவிட்டது. வந்த கையோடு அவள் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். சேறு அப்பின கையால், பிள்ளைக்கு நோகும் என்றுகூட நினைக்காமல், அமத்திப் பொத்தினாள்.

பிந்திவிட்டது.

“அம்மா,” என்றது கொடி. வினுஷாவின் குரலில், குளிரில் நடுங்குகிற மாதிரி. “அம்மா. அம்மா.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் படிக்கு ஓடினாள். ஓடினாள் என்று சொல்கிறேன், ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும்: பாதி வழியில் நின்றாள். வெளியே தனியாக ஒரு பிள்ளை அழுகிறது. அவளுடைய பிள்ளையின் குரலில் அழுகிறது. மூன்று வருடம் கனவிலே கேட்ட குரல் அது. கையில் இருக்கிற பிள்ளை வாய் திறக்காமல் இருக்கிறது, அங்கே நிற்கிறதுதான் அம்மா அம்மா என்கிறது. அவளுடைய கால் அந்தப் பக்கம் திரும்பியது. தெரிந்தும் திரும்பியது.

அப்போது இரண்டு சின்னக் கை, ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கை, அவளுடைய இரண்டு காதையும் பொத்தியது.

அவள் உள்ளே வந்து கதவைப் பூட்டினாள்.

கஜீவன் எட்டு மணிக்கு வந்தபோது தாயும் மகளும் குசினி நிலத்தில் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு லோன்றிப் பக்கம் போனான், வெளியே அழுகிற குரலைக் கேட்டான், வெளிறிப்போய் வந்து, “சிவா, இனித் தமிழிலையே கதைப்பம்” என்றான். மனுசனுக்குப் புத்தி வர அவ்வளவும் தேவைப்பட்டது. கொடியை அடுத்த நாளே வெட்டி எறிந்தான். அது ஒன்றுக்கும் உதவவில்லை. இப்போது அந்தக் குரல் வேலிக்கு அப்பால், மரத்தில் இருந்து கேட்கிறது. வேறு வீடு பார்க்கிறார்கள்.

இப்போது அந்த வீட்டில் ஒரே கதைதான். வினுஷா கேள்விக்குமேல் கேள்வி கேட்டு ஆளைக் கொல்லுகிறாள். சச்சிதானந்தன் அங்கிள் அண்மையில் ஒரு பிறந்தநாளில் அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு, “எல்லாம் என்ரை யோசனை” என்றாராம். சிவாஜினி கட்லட் தட்டை அவருக்கு முன்னால் இருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு சொல்லை மட்டும் பிள்ளை சத்தமாகச் சொல்வதில்லை. ஆரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே பழகிக்கொண்டது. விளையாடிக்கொண்டிருந்தாலும் எழும்பி வந்து, தாயின் காதுக்குள் வாயை வைத்துத்தான் அம்மா என்று சொல்லும். சத்தமாக ஒரு அம்மா கேட்டால் அது தன்னுடையது இல்லை என்று சிவாஜினிக்கும் தெரியும், அவள் திரும்புவதில்லை.

“ஒருநாள் பிள்ளை உண்மையா விழுந்து, சத்தமாக் கூப்பிட்டால்?” என்று ரைசா கேட்டாள்.

சிவாஜினி கையில் இருந்த கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

நேற்றும் ஐந்தே கால் மணிக்கு அது கூப்பிட்டது. விழுந்து அடிபட்ட பிள்ளையின் அழுகை. சிவாஜினி ஓடிப்போய் முதலில் செற்றியைப் பார்த்தாள். வினுஷா அங்கேதான் இருந்தாள், படம் கீறிக்கொண்டு. தாயின் முகத்தைப் பார்த்ததும் பென்சிலை வைத்துவிட்டு எழும்பி வந்தாள். கதிரையில் ஏறி நின்று, இரண்டு கையாலும் அவளுடைய காதைப் பொத்தினாள். அது ஓயும்வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.